ஆர்.சி.சி.பி. உங்களைக் காப்பாற்றியதா, கடுப்பேற்றியதா?

வாஷிங் மெஷின் பக்கம் செருப்பில்லாமல் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தொட்டால் லேசாகச் சுர்ரென்று இழுக்கும், பழகிவிட்டோம். பிறகு ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாகவே லைனை வெட்டும் சுவிட்ச்) மாட்டினோம், அறுந்து கிடந்த எர்த் வயரையும் அப்போதே சேர்த்தோம். அன்றிலிருந்து மெஷினில் சுடுதண்ணீர் வைத்தால் போதும், வீடு மொத்தமும் இருட்டு. "கழற்றிப் போடு, இது வருவதற்கு முன்னால் எல்லாம் நன்றாகத்தானே ஓடியது" என்று அப்பா. வந்த எலக்ட்ரீஷியனோ பைபாஸ் பண்ணித் தரட்டுமா என்றார். வேண்டாமென்று இன்னொருவரை அழைத்தோம். அவர் ஹீட்டர் காயிலைத் தனியே பிரித்து மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்தார். மேலுறையில் பொடிப் பொடியாகத் துளைகள். உள்ளே நிரப்பியிருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு ஈரம் குடித்திருக்கிறது. காயிலை மாற்றியதும் ட்ரிப் ஆவது நின்றது, செருப்புச் சட்டமும் ரத்து. உங்கள் கதைகளையும் எழுதுங்களேன்.

* * *

இதில் பெரிய விஷயம் நீங்கள் எர்த்தைச் சேர்த்ததுதான் சார். ஆர்.சி.சி.பி.க்குத் தெரிந்தது ஒரே கணக்கு: பேஸில் போன கரண்ட் அப்படியே நியூட்ரலில் திரும்புகிறதா? வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் அது விழுந்தாக, அதாவது ட்ரிப் ஆகியாக வேண்டும். எர்த் இருந்தால் லீக்கேஜ் அந்த வழியே ஓடும், யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் ஓர் ஆள் தொடும்வரை பெரும்பாலும் சும்மாதான் இருக்கும்.

நான் வயரிங் வேலை செய்பவன். போகிற வீட்டிலெல்லாம் "அதான் ட்ரிப்பர் இருக்கே" என்று எம்.சி.பி.யைக் காட்டுவார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுவதற்கு, ஆளைக் கொல்லப் போதுமான கரண்டைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு வேண்டும். அது வயர் எரியாமல் காக்க வந்தது, ஆளைக் காக்க அல்ல.

ஒரு வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தது. 'டி' பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை. மாட்டியதிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லையாம், உள்ளே இறுகிப் போயிருந்தது. சில மாதங்களுக்கு ஒரு தடவையாவது அழுத்திப் பாருங்கள். ஒன்று, அந்தப் பட்டன் சோதிப்பது கருவியை மட்டும்தான். எர்த் நன்றாக இருக்கிறதா என்று அது சொல்லாது.

* * *

ஆர்.சி.சி.பி. இருந்தால் ஷாக்கே அடிக்காது என்று நினைப்பவர்களுக்கு: அடிக்கும்! அயர்ன் பாக்ஸ் வயர் உரிந்திருந்த இடத்தில் தங்கச்சி கை பட்டுவிட்டது, அதுவும் வெறுங்காலோடு. வீலென்று கத்தினாள், நாங்கள் திரும்புவதற்குள் கரண்ட் போய்விட்டது. கை கொஞ்ச நேரம் மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் உடம்பில் பாய விடாது என்று அர்த்தமில்லை. பாய்கிற நேரத்தைத்தான் அது வெட்டுகிறது. 150 மில்லி ஆம்பியர் கசிந்தால் 40 மில்லி செகண்டுக்குள் விழ வேண்டும் என்பது 30 மில்லி ஆம்பியர் பொது வகைக்கு (வேண்டுமென்றே தாமதம் வைக்காதது) விதி.

* * *

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். எங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. விழுந்து கிடந்தது, ஹால் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மெயின் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் தன் வேலையைப் பார்த்திருக்கிறது! விழுந்துவிட்டதே என்று நம்பி பிளக் பாயிண்டைக் கழற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விழுந்ததற்குக் காரணமும் லீக்கேஜ் இல்லை. இன்வெர்ட்டர் லைன் ஒன்றுக்கு நியூட்ரலை வேறு சர்க்யூட்டிலிருந்து எடுத்திருந்தார்கள். போனது ஒரு வழி, திரும்பியது வேறு வழி என்றால் கணக்கு எப்படி ஒத்துவரும்? நியூட்ரலைப் பிரித்ததும் சரியானது. இன்வெர்ட்டர் அவுட்புட்டுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்றால் நியூட்ரலும் எர்த்தும் எங்கே சேர்கின்றன என்று பார்க்கத் தெரிந்தவரிடமே கொடுங்கள்.

* * *

ஸ்டூல் மேல் ஏறி ஹோல்டர் மாற்றும்போது பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் தொட்டார் எங்கள் மாமா. ஆர்.சி.சி.பி. அசையவே இல்லை. போனது அப்படியே திரும்பி வருகிறதே, அதன் பார்வையில் மாமாவும் ஒரு பல்புதான். நல்லவேளை, உதறிய வேகத்தில் கை விடுபட்டது.

* * *

ஒரு சந்தேகம் அண்ணே. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர்கள் அதிகம், எல்லாம் ஓடும்போது அடிக்கடி விழுகிறது. 100 மில்லி ஆம்பியர் மாட்டினால் தொல்லை தீரும் என்கிறார்கள். மாட்டலாமா?

* * *

வேண்டாம் தம்பி. 100, 300 எல்லாம் தீ விபத்தைத் தடுக்க மெயினில் போடுவது, ஆளைக் காக்க 30தான். கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் இருக்கும் ஃபில்டர் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக எர்த்துக்கு விடும், எல்லாம் சேர்ந்தால் விழத்தான் செய்யும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே விழ அனுமதி உண்டு. முதலில் எல்லா பிளக்கையும் உருவிவிட்டு, ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள், நிஜமான லீக்கேஜ் ஏதும் ஒளிந்திருந்தால் மாட்டும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் சர்க்யூட்டை இரண்டாகப் பிரித்துத் தனித்தனி 30 போடுங்கள். வாங்கும்போது 'ஏசி' வகை வேண்டாம், 'ஏ' வகையாகக் கேளுங்கள். கம்ப்யூட்டர் மாதிரிச் சாதனங்களில் வரும் துடிப்பு டிசி லீக்கேஜையும் அது பிடிக்கும்.