ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப்: வேகமா, எடைக்குறைவா? ஆலோசனை தேவை

நண்பர்களுக்கு வணக்கம். கட்டடங்களின் முப்பரிமாண மாதிரிகளை உருவாக்கும் நான், வாரத்தில் 3 நாள் கட்டுமானத் தளத்தில் இருக்க வேண்டியிருப்பதால், எந்த ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப்பை (வடிவமைப்பு போன்ற கனமான வேலைகளுக்கான சக்திவாய்ந்த லேப்டாப்) வாங்குவது என்று முடிவெடுக்க இயலாமல் இருக்கிறேன். நான் பார்த்த 17 அங்குல மாடல், செங்கல் அளவிலான 230 வாட் சார்ஜரையும் சேர்த்தால் 4 கிலோவை நெருங்குகிறது; அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறுவது கடினம். 14 அங்குலம் சுமக்க எளிது என்றாலும், ஒரே பெயர் கொண்ட கிராபிக்ஸ் சிப்புக்கே மெல்லிய லேப்டாப்புகளில் பெரும்பாலும் குறைந்த வாட் மின்சாரம்தான் தரப்படுகிறது என்பதால், நீண்ட ரெண்டரிங்கில் (மாதிரியை முழுமையான படமாக மாற்றும் கணக்கீட்டில்) வேகம் சரிந்துவிடுமோ என அஞ்சுகிறேன். ரேம் 64 ஜிபி கட்டாயம். 16 அங்குல மாடல்களில் வேலை செய்பவர்கள், ஒரு மணி நேர ரெண்டரிங்குக்குப் பிறகும் வேகம் குறையாமல் இருக்கிறதா என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள்.