‘தி பிரெலூட்’: எந்த வடிவத்தை முதலில் படிப்பது?

கேள்வி: முதுகலை ஆங்கில இலக்கியத்தில் இந்தப் பருவத்தில் ரொமான்டிக் காலக் கவிதை பாடமாக உள்ளது. வேர்ட்ஸ்வொர்த்தின் தன்வரலாற்று நெடுங்கவிதையான ‘தி பிரெலூட்’ 1805, 1850 என இரு வடிவங்களில் கிடைப்பதால், எதிலிருந்து தொடங்கலாம் என்று வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: 1805 வடிவத்திலிருந்தே தொடங்குங்கள். மற்றது, கவிஞர் பல்லாண்டுகள் திருத்தி, அவர் மறைந்தபின் அச்சேறியது. அதன் ஏழாம் பகுதியில் புதிதாக இடம்பெறும் புகழ்ச்சி, பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்த அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க்கைப் பற்றியது; அதைப் படித்தால், இளமையில் அப்புரட்சியை ஆர்வத்தோடு வரவேற்றவர் எவ்வளவு தூரம் விலகிவிட்டார் என்பது விளங்கும்.

மறுமொழி 2: இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்ட பதிப்புகள் உண்டு, நூலகத்தில் கேளுங்கள்.

மறுமொழி 3: தங்கை டோரதியின் நாட்குறிப்பையும் தவறவிடாதீர்கள். 1802 ஏப்ரல் 15 அன்று இருவரும் ஏரிக்கரையில் கண்ட டாஃபடில் மலர்களில் சில, களைத்துக் கற்களின்மேல் தலைசாய்த்திருந்ததாக அவர் எழுதுகிறார். 1807இல் வெளியான அண்ணனின் கவிதையிலோ அவர் தனியே அலைகிறார், தங்கை அங்கே இல்லை.