அப்பா நுரையீரல்ல ஆஸ்பெஸ்டாஸ் எவ்வளவு இருக்குன்னு எண்ணி பாக்கணுமா?

மன்னார்குடி பையன்:
வணக்கம். அப்பாவுக்கு 63 வயசு. முப்பது வருஷமா கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் சீட்டு போடுற வேலை, முத்துப்பேட்டை வேதாரண்யம்னு போகாத ஊரு இல்ல, 2018 கஜா புயலுக்கு அப்புறம் ஒடஞ்ச சீட்டை எறக்கி புதுசு போட்டுக்கிட்டே மூணு மாசம் வீட்டுக்கே சரியா வரல. மெஷின்ல காஞ்ச சீட்டை அறுத்துட்டு வந்தா புருவம் வரைக்கும் வெள்ளையா இருக்கும், அம்மா அந்த கைலிய கொல்லையில உதறிட்டுத்தான் ஊற வைப்பாங்க. போன மாசம் நுரையீரல்ல புத்துநோய் கட்டின்னு ஒரு பாகத்தை எடுத்துட்டாங்க. பீடியாலதான்னு சொல்லிட்டாங்க. நுரையீரல்ல ஆஸ்பெஸ்டாஸ் நார் எவ்வளவு இருக்குன்னு எண்ணலாம்னு ஒருத்தர் சொன்னாரு, அதுக்கு மறுபடி அறுக்கணுமா? கம்மியா வந்தா சீட்டால வரலன்னு ஆயிடுமா?

லேப்காரர், தஞ்சாவூர்:
தம்பி, மறுபடி அறுக்கவே வேணாம். எடுத்த பாகத்துல சின்ன துண்டை மெழுகுல பதிச்சு, மெழுகு பிளாக்னு போட்டு வச்சிருப்பாங்க, அதை பத்திரமா வைக்க சொல்லி இன்னைக்கே எழுதி குடுங்க. ஃபார்மலின்ல, அதான் கெடாம இருக்க ஊத்துற மருந்து தண்ணியில, மிச்ச துண்டு இருந்தா அதையும் கேளுங்க, அதை ரொம்ப நாள் வைக்க மாட்டாங்க. கட்டி இல்லாத பக்கத்து சதைய பிளீச்சிங் தண்ணி மாதிரி ஹைப்போகுளோரைட்ல கரைச்சா நார் நிக்கும், அதை ஃபில்டர்ல வடிகட்டி, காஞ்ச சதை ஒரு கிராமுக்கு எத்தனைன்னு கணக்கு. சாதா மைக்ராஸ்கோப்ல தெரியிறது ஆஸ்பெஸ்டாஸ் பாடி. நார் மேல உடம்பே இரும்பையும் புரதத்தையும் பூசி மூடியிருக்கும், தேன் கலர்ல மணி கோத்த குச்சி மாதிரி, ரெண்டு முனையும் உருண்டு. பூச்சு இல்லாத மெல்லிசு நாரை பாக்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேணும்.

நெஞ்சுநோய் டாக்டர்:
உங்க ரெண்டாவது கேள்விதான் முக்கியம் தம்பி. 1997-ல ஹெல்சிங்கில நிபுணர்கள் கூடி, கிராமுக்கு 1,000 பாடி, இல்லன்னா 5 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) மேல நீளமான ஆம்பிபோல் நார் 1 லட்சம் தாண்டினா, அந்த ஆளு வேலையில ஆஸ்பெஸ்டாஸ் சுவாசிச்சிருக்க ரொம்ப வாய்ப்புன்னு வரையறுத்தாங்க. ஆனா ஆம்பிபோல்ங்கிறது ஆஸ்பெஸ்டாஸ்ல நீலம், பழுப்பு வகை, அது பல வருஷம் நுரையீரல்லயே கெடக்கும். நம்ம ஊரு கூரை சீட்டுல இருக்கிறது பெரும்பாலும் வெள்ளை, கிரைசோடைல், அது ஒடஞ்சு கரைஞ்சு சீக்கிரமே வெளியேறிடும், பாடியும் அவ்வளவா உண்டாக்காது. அதனால எண்ணிக்கை கம்மின்னா சீட்டு தூசி போகலன்னு அர்த்தமே இல்ல. இந்த வகைக்கு வேலை வரலாறுதான் பெரிய சாட்சி. எந்த வருஷம், எந்த ஊரு, யாருகிட்ட, எத்தனை நாளு அறுத்தாருன்னு அப்பா சொல்ல சொல்ல எழுதி வாங்குங்க, கூட வேலை பாத்தவங்க கையெழுத்தோட. பழைய சிடி ஸ்கேன்ல பிளூரல் பிளாக், அதாவது நுரையீரலை சுத்தியிருக்கிற சவ்வுல ஆஸ்பெஸ்டாஸால வர்ற தடிப்பு, இருக்கான்னும் பாக்க சொல்லுங்க. பீடி குடிச்சாருங்கிறதால சீட்டு தப்பிச்சிடாது, ரெண்டும் சேந்தா ஆபத்து தனித்தனியா இருக்கிறத விட ரொம்பவே கூடும்.

லேப்காரர், தஞ்சாவூர்:
ஒண்ணு கேக்கணும் தம்பி, அந்த கைலிய உதறுன அம்மாவுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தீங்களா? துணியில வந்த தூசியால வீட்டு பொம்பளைங்களுக்கு நோய் வந்ததுண்டு.

மன்னார்குடி பையன்:
இல்லண்ணே, அதை நெனச்சே பாக்கல. வியாழக்கிழமை அழைச்சிட்டு போறேன். அப்பா சொல்ல ஆரம்பிச்சிட்டாரு, 1991 திருத்துறைப்பூண்டி ரைஸ்மில்லுல இருந்து எழுதிக்கிட்டு இருக்கேன்.