மறு: தான்சானியா மாதிரிப் பெயர்களுக்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

40 மடல் ஆயிற்று, கையில் இன்னும் சொல் இல்லை. வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்புத் துணைப்பாடம் அச்சுக்குப் போக வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான்: தங்கனீக்காவும் சான்சிபாரும் 1964 ஏப்ரலில் ஒன்றாகி, அக்டோபரில் தான்சானியா என்று பெயர் சூட்டிக்கொண்டன. ஆளுக்கொரு துண்டு, பின்னால் ஒரு வால். பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றின் தலையையும் கிள்ளி பெனலக்ஸ் என்றதும் இப்படித்தான். இவ்வகைப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்ல?

‘மரூஉ’ (பேச்சுவழக்கில் திரிந்து சுருங்கிய பெயர்) போதும் என்கிறார் கொழிஞ்சாம்பாறை ஐயா. மலையமான் நாடு மலாடு ஆகவில்லையா என்கிறார். மலாடு எனக்கும் பிடித்த பெயர்தான். ஆனால் அது வாயில் கிடந்து தேய்ந்தது. தான்சானியா கத்தரி பட்டது. தஞ்சாவூரைத் தஞ்சை ஆக்க யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லையே, ஐயா.

நகரி அண்ணன் ‘ஒட்டுப்பெயர்’ என்றார். ஒட்டுமாங்கன்றில் இரண்டு தண்டையும் சீவித்தானே கட்டுகிறோம் என்று அவர் எழுதியது அழகு. முன்னொட்டு, பின்னொட்டு என்று இலக்கண வகுப்பில் படித்துவிட்டு வரும் பிள்ளை குழம்பாதா? அதற்குப் பதில் வராமல், சித்தூர் என்பது சிற்றூர்தானா, ஆந்திரச் சித்தூரும் பாலக்காட்டுச் சித்தூரும் ஒன்றா என்று 11 மடல் ஓடிவிட்டது. காற்று காத்தானால் சிற்றூர் சித்தூர் ஆகாதா என்பதோடு நான் விலகிக்கொள்கிறேன்.

‘கலப்புப்பெயர்’ வேண்டாம். இடுக்கிப் பக்கத்துப் பீர்மேட்டுக்கு அது வேண்டியிருக்கிறது: ‘பீர்’ பாரசீகம், ‘மேடு’ நம்முடையது. மொழிதான் இரண்டு, சொல் இரண்டும் முழுசு.

நேற்று வகுப்பில், “அப்ப மூணாறும் அப்படியா சார்?” என்றாள் ஒரு பெண். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை மூன்றும் கூடுமிடம், இங்கே எதையும் வெட்டவில்லை, மூன்று மூணானது மட்டும்தான் என்றேன். தான்சானியாவைக் கரும்பலகையில் இரண்டாகக் கோடு கிழித்துக் காட்டியதும் பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “கவாத்து வெட்டி ஒட்டின பேரு சார்.”

தேயிலைச் செடியைக் கத்தரிப்பதுதான் கவாத்து; எஸ்டேட் பிள்ளைக்கு இதைவிட விளக்கம் வேண்டாம். ‘கவாத்துப் பெயர்’ என்று எழுதினால் தனித்தமிழ் அன்பர்கள் என்னைக் கவாத்து வெட்டிவிடுவார்கள். ஆகவே ‘வெட்டொட்டுப் பெயர்’ என்று அச்சுக்குத் தருகிறேன். ஐந்து பேர் சரி என்றிருக்கிறார்கள், அதில் மூவர் “ஏதோ ஒன்று போடுங்கள்” என்றவர்கள். ஐயாவின் மறுப்பைக் குறித்துக்கொண்டேன்.

சித்தூரைத் தொடர்வோர் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள்.