பிறபொருளெதிரி பூச்சியம் என்றால் போட்ட ஊசியெல்லாம் வீணா?

வெள்ளவத்தை மகள்:
அப்பாவுக்கு 67 வயது. ஃபொலிகுலர் லிம்போமா, ஒருவகை இரத்தப் புற்றுநோய். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரிட்டுக்சிமாப் என்ற மருந்து ஏற்றுகிறார்கள். கொவிட் ஊசி நாலும் போட்டாயிற்று. போன கிழமை, வைத்தியர் சொல்லாமலே, நானாக ஒரு லாபில் பிறபொருளெதிரி (கிருமியை எதிர்க்க உடல் செய்யும் புரதம், அன்ரிபொடி) பார்க்கக் கொடுத்தேன். என் பிழைதான். பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. அப்பா அந்த ரிப்போர்ட்டை நாலாய் மடித்து சேர்ட் பொக்கெற்றில் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விரித்துக் காட்டுகிறார். "கடலிலை கரைச்ச புளி. இனி எனக்கு ஒரு ஊசியும் வேண்டாம்." இன்ஃபுளுவன்சா ஊசியும் வேண்டாமாம். ரி கலம் என்று வேறொன்று இருக்கிறதாமே, அது உதவுமா? அதை லாபில் பார்க்கலாமா?

பிப்பெற்காரன்:
தங்கச்சி, நான் லாப்காரன். வைத்தியன் இல்லை, அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

ரிட்டுக்சிமாப் பிடிப்பது சிடி20 என்ற அடையாளத்தை. அது பி கலங்கள் என்ற வெள்ளை இரத்தக் கலங்களில் இருக்கிறது, நல்லதிலும் புற்றுநோய் வந்ததிலும். பிறபொருளெதிரி செய்வது பி கலத்தின் வழிவந்தவை. ஆலையை மூடிவிட்டுச் சீனி எங்கே என்று கேட்டால் எப்படி? கடைசி மருந்துக்குப் பிறகு பி கலம் திரும்ப ஆறு மாதம், ஒரு வருடம்கூடப் போகும். அப்பாவுக்கு இரண்டு மாதத்துக்கொரு முறை ஏறுகிறது, பிறகெப்படி வரும்?

ரி கலம் வேறு. அதில் சிடி20 அநேகமாக இல்லை, அதனால் பெரும்பாலும் தப்பிவிடும், ஊசி அதையும் பழக்கும். கிருமி புகுந்த கலத்தைத் தேடி அழிப்பது சிடி8 ரி கலம். 2021இல் நேச்சர் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்தது: இரத்தப் புற்றுநோயோடு கொவிட் வந்தவர்களில் சிடி8 கூடுதலாக இருந்தவர்கள் அதிகம் பிழைத்தார்கள், சிடி20 மருந்து எடுத்தவர்களும் உட்பட. தொற்றை முழுதாய் மறிக்கும் என்று நினைக்க வேண்டாம், ஆள் மோசமாகாமல் பார்க்க உதவும்.

ரி கலம் பார்ப்பது சில்லறை வேலை இல்லை. உயிரோடு இருக்கிற கலம் வேண்டும். வைரஸின் புரதத் துண்டுகளோடு இரவு முழுக்க வைத்து, ரி கலம் விடும் இன்ரர்ஃபெரோன் காமா என்ற புரதம் வருகிறதா என்று பார்ப்பார்கள். காசநோய்க்குச் செய்யும் இரத்தப் பரிசோதனையும் இதே முறைதான். சாதாரண லாபில் கேட்டு அலைய வேண்டாம்.

ஒன்று கேளுங்கள்: ரிட்டுக்சிமாப்போடு பென்டமஸ்ரின் என்ற கீமோ மருந்தும் ஏற்றினார்களா? அது ரி கலத்தையும் நெடுநாள் குறைக்கும்.

கொட்டாஞ்சேனை அக்கா:
எனக்கு சிஎல்எல், அதுவும் பி கலத்தில் வரும் இரத்தப் புற்றுநோய்தான், பிள்ளை. அந்த நோயில் ரி கலமே களைத்துப்போகும் என்று எங்கள் டொக்டர் சொன்னார். அதனால் நான் மாஸ்க்கை விடுவதில்லை, பஸ்ஸில் சனம் பார்த்தால் பார்க்கட்டும். வீட்டில் எல்லாருக்கும் ஊசி போடுங்கள், பேரப்பிள்ளைகளுக்கும். இன்ஃபுளுவன்சா ஊசி செத்த கிருமிதான். உயிருள்ள கிருமி ஊசிதான் அப்பாவுக்குக் கூடாது.

வெள்ளவத்தை மகள்:
நன்றி அண்ணா, அக்கா. கிளினிக் கொப்பியைப் பார்த்தேன், முதல் ஆறு முறையும் பென்டமஸ்ரின் இருக்கிறது. அப்பாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். சீனி ஆலைக்குச் சிரித்தார். ரிப்போர்ட் இன்னும் பொக்கெற்றில்தான். ஆனால் வியாழக்கிழமை டொக்டரிடம் கேட்க வேண்டியதை அதன் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்.