தொடக்கப்பள்ளியில் ஓவியமும் வடிவமைப்பும்: வகுப்பறை அனுபவப் பகிர்வு

ஆசிரியை, வேதாரண்யம் பகுதி:

தொடக்கப்பள்ளிக்கென்று தனி ஓவிய ஆசிரியர் கிடையாது என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். கல்வி உரிமைச் சட்டம்கூடக் கலைக்கல்விக்கான பகுதிநேரப் பயிற்றுநரை ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குத்தான், அதுவும் மாணவர் எண்ணிக்கை 100ஐத் தாண்டும் பள்ளிகளுக்குத்தான் குறிப்பிடுகிறது. ஆகவே ஒன்று முதல் ஐந்து வரை, தமிழும் கணக்கும் நடத்துகிற அதே வகுப்பாசிரியர்தான் ஓவியமும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அப்படிப் பல ஆண்டுகளாகச் சொல்லித்தருபவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

"இயற்கைக் காட்சி வரையுங்கள்" என்று சொன்னால் என்ன வரும் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். முக்கோணமாக இரண்டு மலைகள், நடுவில் கதிர் விரிக்கும் அரைச் சூரியன், மலையடிவாரத்திலிருந்து வளைந்து வரும் ஆறு, ஓர் ஓட்டு வீடு, ஒரு தென்னை, வானத்தில் பறவைகளாக நாலைந்து வளைகோடுகள். எங்கள் ஊரில் எந்தத் திசையில் நின்று பார்த்தாலும் மலை தெரியாது. உப்பளமும் சவுக்குத் தோப்பும் கடலும்தான். கடலிலிருந்து சூரியன் எழுவதை நாள்தோறும் பார்த்து வளரும் பிள்ளை, அதை மலைகளுக்கு நடுவே வைப்பதற்குக் காரணம், அண்ணனின் நோட்டிலும் கரும்பலகையிலும் அப்படித்தான் பார்த்திருக்கிறது என்பதே. ஒரு படத்தைப் பார்த்து இன்னொரு படம் வரையப் பழகிய கை, பொருளைப் பார்த்து வரையத் தயங்குகிறது. எனவே நான் கரும்பலகையில் மாதிரிப் படம் வரைவதில்லை, கேள்விகள்தான் கேட்பேன். உப்பளத்தில் அம்மா எப்படி நிற்பார்? வெயிலுக்குத் தலையில் என்ன கட்டியிருப்பார்? கையில் இருப்பது அவரைவிட நீளமா? உப்புக் குவியல் அவரைவிட உயரமா?

இப்படிக் கேட்ட ஒரு நாள், மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உப்பு வாரும் தன் அம்மாவை வரைந்தாள். கைகள் இரண்டும் உடம்பைப்போல் மூன்று மடங்கு நீளம். கண்கள் வெறும் இரண்டு கோடுகள். உப்புக் குவியலுக்கு வண்ணமே தீட்டாமல் தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிட்டு, சுற்றியிருந்த தரையை மட்டும் அழுத்தி அழுத்திப் பழுப்பாக்கியிருந்தாள். அன்று பள்ளிக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், கை அளவு சரியில்லை, திருத்திக் கொடுங்கள் என்றார். அவளிடமே கேட்டுப் பாருங்கள் என்றேன். "எட்டி இழுக்கணும்ல, அதான் நீளம். உப்பு கண்ணு கூசும், அதான் கண்ண மூடியிருக்கு" என்று விளக்கினாள். அந்தக் கோடுகளில் ஒன்றைக்கூட நான் திருத்தவில்லை.

விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வி அறிஞர் வியன்னாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு உருவங்கள் செய்யக் கற்றுக்கொடுத்தவர். பிறகு அமெரிக்கா சென்று, குழந்தையின் ஓவியம் எந்தெந்த வயதில் எப்படி மாறுகிறது என்பதை 1940களில் விரிவாக எழுதினார். ஏழு முதல் ஒன்பது வயது வரை, தனக்கு முக்கியமாகப் படுவதைக் குழந்தை பெரிதாக்கி வரையும் என்பதும், தாளின் அடியில் ஒரு தரைக்கோடு போட்டு எல்லாவற்றையும் அதன்மேல் வரிசையாக நிறுத்தும் என்பதும் அவர் கவனித்தவை. மதிப்பெண் போட உட்காரும் ஆசிரியர்கள் இதை அறிந்திருப்பது மிகவும் அவசியம் என்று நினைக்கிறேன். அந்த வயதில் அளவு பிசகுவதைத் தவறு என்று கணக்கில் எடுத்துக்கொண்டால், பிள்ளை மறுபடியும் இரண்டு மலைகளுக்கே போய்விடும்.

பொருள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசு தரும் விலையில்லாப் பொருள்களில் முதல் இரண்டு வகுப்புகளுக்குக் கிரையானும் அதற்கு மேல் வண்ணப் பென்சிலும் வருகின்றன. நீர்வண்ணம் மட்டும் நாம்தான் வாங்க வேண்டும். கெட்டித் தாளில் தண்ணீர் தடவி, அடர்நீலத்தைப் பரப்பி, அதன் மினுமினுப்பு அடங்குவதற்குள் கல்லுப்பைத் தூவச் சொன்னேன். ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியுள்ள நீரை இழுத்துக்கொள்ள, வண்ணம் கலைந்து வெளிறிய பூக்களாக விரிந்தது. தண்ணீர் அதிகமாக இருந்த தாளில் உப்பு கரைந்து ஒன்றுமே தெரியவில்லை; காய்ந்துபோன தாளில் உப்பு சும்மா கிடந்தது. தூள் உப்பைத் தூவினால் சிறு புள்ளிகள்தான் வரும், கல்லுப்புக்குத்தான் பூ பெரிதாகும் என்பதை ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் தாங்களாகவே செய்து பார்த்துச் சொன்னார்கள். வீட்டில் உப்பைப் பற்றித் தினமும் பேச்சைக் கேட்கிற பிள்ளைகள் என்பதால், கேள்வி கேட்பதிலும் விடை தேடுவதிலும் அவர்கள் என்னை முந்திக்கொண்டார்கள்.

வடிவமைப்பு என்பதை அலங்காரம் என்று எடுத்துக்கொள்ளாமல், ஒரு பொருள் யாருக்காக, எதற்காக என்று யோசிப்பதாகவே நடத்துகிறேன். பள்ளிக் காய்கறித் தோட்டத்துக்குப் பெயர்ப்பலகை செய்தபோது அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியவையெல்லாம் ஒரே மழையில் கரைந்துபோயின; கிரையானில் மெழுகு இருப்பதால் அதில் தீட்டிய இரண்டு பலகைகள் மட்டும் நின்றன. அதைப் பார்த்துவிட்டு அடுத்த குழு அட்டையையே விட்டு, காய்ந்த பனைமட்டையைத் தேய்த்து எழுதியது. எழுத்து இன்னும் படிக்க வராத முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கும் புரிய வேண்டும் என்பது நிபந்தனை. சிவப்பு முள்ளங்கிப் படத்தைப் பார்த்த ஒரு சிறுவன் "கேரட்" என்றான். உடனே வரைந்தவர்கள் தோட்டத்துக்குப் போய், முள்ளங்கி இலையைப் பறித்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்து, படத்தில் இலையையும் சேர்த்தார்கள்.

ஆசிரியர், தருமபுரி மாவட்டம்:

அம்மா எழுதியதைப் படித்தபோது என் நான்காம் வகுப்பு நினைவுக்கு வந்தது. தன்னைத்தானே வரையச் சொன்னால், பெட்டியில் இருக்கும் வெளிர் ரோஜா நிறப் பென்சிலை முகத்துக்கு எடுப்பார்கள். இல்லாவிட்டால் முகத்தை வெள்ளையாக விட்டுவிடுவார்கள். இது என்னை வெகுநாள் உறுத்திக்கொண்டே இருந்தது. அறிவுரை சொல்லாமல், பழுப்பு, ஆரஞ்சு, மஞ்சள், கருப்பு ஆகிய நான்கு பென்சில்களை மட்டும் கொடுத்து, ஒரு துண்டுத் தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தீட்டி, அதை முழங்கையின் மேல் வைத்துப் பார்த்து, தன் கையோடு ஒத்துப்போகும் வரை மாற்றச் சொன்னேன். பழுப்பை மட்டும் தீட்டினால் ஒருவர் கையோடும் பொருந்தவில்லை. அடியில் மஞ்சளோ ஆரஞ்சோ லேசாக வேண்டியிருந்தது. உள்ளங்கைக்கு வேறு கலவை, புறங்கைக்கு வேறு கலவை என்று கண்டுபிடித்தவன், வகுப்பிலேயே அதிகம் பேசாத பையன். "என் நிறத்துக்கு நாலும் வேணும் சார்" என்று எல்லோரிடமும் துண்டைக் காட்டிக்கொண்டு போனான்.

எனக்கு ஒரு கேள்வி உண்டு. படங்களை எங்கே வைக்கிறீர்கள்? எங்கள் பள்ளியில் நன்றாக இருப்பதை மட்டும் சுவரில் ஒட்டும் வழக்கம் இருக்கிறது.

ஆசிரியை, வேதாரண்யம் பகுதி:

செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் வகுப்பறையில் தலைக்கு மேலே கட்டிய கம்பிப் பந்தலை நாங்கள் இன்னும் கழற்றவில்லை, சார். எல்லோருடைய படமும் அதில் தொங்கும், தேர்ந்தெடுப்பது கிடையாது. அடுத்த படம் வரைந்து முடித்தவர் பழையதைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொள்ளலாம். எந்தப் படம் தொங்க வேண்டும் என்பதையும் வரைந்தவரே முடிவு செய்வார். துணி மாட்டும் கிளிப் போதும், பசை தேவையில்லை. கடற்காற்று அடிக்கிற ஊர் என்பதால் நாங்கள் இரண்டு முனைகளிலும் கிளிப் மாட்டுகிறோம்.