நரம்பியலில் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி: விலங்கியல் மாணவி விண்ணப்பிக்கலாமா?

அரசலாற்றுக்கரை:
அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிலிருந்து அரசு கல்லூரிக்குச் சென்று இளநிலை விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நரம்பு மண்டலப் பாடம் நடந்த நாள்முதல், கவனமும் நினைவும் மூளையில் எப்படி நிகழ்கின்றன என்னும் கேள்வி என்னை விடவில்லை. ஆனால் எங்கள் கல்லூரியில் உளவியல் துறை இல்லை. மூளை மின்னலைகளைப் பதியும் கருவியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நிரல் எழுதவும் தெரியாது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் வீட்டில் குறுவை வேலை தொடங்கிவிடும் என்பதால், வெளியூரில் தங்குவதைப் பற்றி அப்பாவிடம் முன்கூட்டியே பேச வேண்டும். என்னைப் போன்றவர்களை ஆய்வகங்கள் ஏற்குமா? எப்போது விண்ணப்பிப்பது?

குடமுருட்டி:
தங்கைக்கு வணக்கம். நான் திருவையாற்றுப் பக்கம். இப்போது பெங்களூரில் நரம்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். விலங்கியல் படித்தது ஒரு குறையே அன்று. இத்துறைக்கு இயற்பியல், மொழியியல், கணினியியல் என்று பல வழிகளில் ஆட்கள் வருகிறார்கள்.

பெங்களூர், புதுதில்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களிலுள்ள மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தை முதலில் பாருங்கள். இரண்டு மாதப் பயிற்சி. மாத உதவித்தொகையும் தொடர்வண்டிக் கட்டணமும் தருவார்கள். கோடை என்ற பெயரைக் கண்டு ஏப்ரலில் தேடுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள், ஏனெனில் விண்ணப்பம் பெரும்பாலும் முந்தைய நவம்பரிலேயே முடிந்துவிடும். காந்திநகர் ஐஐடியும் சென்னை ஐஐடியும் தனியே கோடைப் பயிற்சி நடத்துகின்றன; கவனம், நினைவு போன்றவற்றை ஆராயும் அறிதிறன் அறிவியலுக்கென்றே காந்திநகரில் ஒரு மையம் இருக்கிறது.

கருவி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். 1935-இல் ஸ்ட்ரூப் என்னும் உளவியலாளர் வெளியிட்ட சோதனையைத் தமிழில் செய்து பாருங்கள். ‘சிவப்பு’ என்னும் சொல்லைப் பச்சை நிறத்தில் காட்டி, எழுத்தின் நிறத்தைச் சொல்லச் சொன்னால், படிக்கும் பழக்கம் குறுக்கிட்டு விடை தாமதப்படும். அத்தாமதத்தை மில்லி நொடியில் அளக்க சைக்கோபை என்னும் இலவச மென்பொருளும் ஒரு மடிக்கணினியும் போதும். தமிழ்வழியில் படித்த தோழியருக்குத் தமிழ்ச் சொற்களில் தாமதம் மிகுதியா, ஆங்கிலச் சொற்களிலா என்று அளந்து பாருங்கள். பங்கேற்பவரின் ஒப்புதலைப் பெற்று, ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யுங்கள். அந்தத் தரவை நீங்களே வரைபடமாக்கும்போது பைத்தான் என்னும் நிரல்மொழியும் புள்ளியியலும் தேவையான அளவுக்குப் படிந்துவிடும்.

பாமணிக்கரை:
மன்னார்குடிப் பக்கம் கல்லூரி ஆசிரியராக இருக்கிறேன். பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்காதீர்கள், அம்மா. ‘ஒழுக்கமான மாணவி’ என்று எழுதுவதால் பயனில்லை. நீங்கள் ஒரு சோதனையை அமைத்ததையும், முதல் முயற்சியில் எது தவறியது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதையும் அருகிலிருந்து பார்த்த ஆசிரியரால்தான் நல்ல கடிதம் எழுத முடியும். பயிற்சிச் சான்றிதழுக்குப் பணம் கேட்கும் இடங்களை நம்ப வேண்டாம். என் மாணவர் ஒருவர் பணம் கட்டிவிட்டு, ஆய்வகத்தின் வாசலைக்கூடப் பார்க்காமல் திரும்பினார். அது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வெண்ணாறு:
இன்னொன்றையும் சொல்கிறேன். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதியளிக்கும் இளநிலைக் கோடைப் பயிற்சிகள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் உரியவை. அவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அதற்குப் பதிலாக, 2020-இல் தொடங்கிய நியூரோமேட்ச் அகாதமியின் கணிப்பு நரம்பியல் (கணிதமும் கணினியும் கொண்டு மூளையை ஆராய்வது) பாடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டை விட்டு வர முடியாமல் போனாலும் அவற்றைப் படிக்கலாம்.

அரசலாற்றுக்கரை:
மூவருக்கும் நன்றி. இன்று எங்கள் விலங்கியல் ஆசிரியையிடம் பேசினேன். துறையின் மடிக்கணினியைச் சனிக்கிழமைகளில் தர ஒப்புக்கொண்டார்கள். நடவுக்கு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பாவும் சொல்லிவிட்டார். குடமுருட்டி அண்ணாவிடம் ஒரு கேள்வி: ‘நீலம்’ மூன்று எழுத்தாகவும் ‘மஞ்சள்’ அதைவிட நீளமாகவும் தோன்றுகின்றனவே, சொல்லின் நீளம் விடை நேரத்தைப் பாதிக்காதா?

குடமுருட்டி:
பாதிக்கலாம். அதனால், ஒவ்வொரு சொல்லையும் அதன் சொந்த நிறத்திலும் பிற நிறங்களிலும் காட்டி, அதே சொல்லுக்குள்ளேயே நேரங்களை ஒப்பிடுங்கள். விண்ணப்பத்தில் இந்தக் கேள்வியையே எழுதுங்கள்.